பட்டிக்கு முதலில் எது வேண்டும்?

(மீள்குடியேறிய கால்நடை வளர்ப்பாளர்களுக்கான அறிவூட்டல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பால் கறந்து கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். மதியத்துக்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

மீள்குடியேறி வந்தவுடன் உங்கள் கையில் ஒரு படிவம் தருகிறார்கள். 'வாழ்வாதாரத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. மாடு வளர்க்கும் குடும்பங்களில் அநேகமானவர்கள் அதில் எழுதுவது மூன்று பொருட்கள்: தண்ணீர் இறைக்கும் இயந்திரம், முள்ளுக்கம்பி, லான்ட்மாஸ்டர். இழந்துவிட்டு வந்தவர்கள் இழந்ததைக் கேட்பது நியாயம்தான். நானும் அப்படி இழந்தவன்தான். ஆனால் முன்பு 40, 50 மாடு நின்ற பட்டிக்கு இருந்த சாமான் வேறு. இன்று நாலு மாட்டோடு தொடங்குகிற பட்டிக்கு வேண்டிய சாமான் வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் இன்று பேசப்போகிறேன். நான் சொல்லும் ரூபாக் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்தவை. வீட்டுக்குப் போனதும் உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்க்கவேண்டும்.

நான் கண்ட ஒரு குடும்பம்

பெயர் சொல்லாமல் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். திரும்பி வந்தபோது அவர்களிடம் நாலு கறவைப் பசுவும் இரண்டு நாகும் இருந்தன. நல்ல தொடக்கம். நாளைக்கு எட்டு லீற்றர் பால் வந்தது. லீற்றர் 50 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 400 ரூபா. மாதத்துக்கு 12,000 ரூபா.

ஒரு நிதி நிறுவனத்தார் வீடு தேடி வந்தார்கள். 75,000 ரூபா முற்பணம் கட்டினால் மூன்று லட்சம் பெறுமதியான லான்ட்மாஸ்டர் வாசலுக்கு வரும், மாதம் 8,500 ரூபா கட்டினால் போதும், மூன்று வருடத்தில் உங்களுக்கே சொந்தம் என்றார்கள். '12,000 வருகிறதுதானே, 8,500 கட்டலாம்' என்று அந்த ஐயா கையெழுத்து வைத்தார். முற்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

மாரி முடிந்து கோடை வந்தது. குளத்தடிப் புல் காய்ந்தது. ஒரு பசு பால் மறுத்தது, மற்றொன்று குறைத்தது. பால் எட்டு லீற்றரிலிருந்து நாலு லீற்றருக்கு வந்தது. வருமானம் 6,000, தவணை அதே 8,500. கோடையில் பால் வற்றும், தவணை வற்றாது. முதலில் ஒரு நாகு விற்றார்கள். பிறகு மற்ற நாகையும் விற்றார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தவணை தவறியது. இயந்திரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். முற்பணமும் போய், கட்டிய காசும் போய், அடுத்த வருடம் கன்று போட்டிருக்கவேண்டிய இரண்டு நாகும் போய்விட்டன.

அந்த ஐயா சோம்பேறி அல்ல, குடிகாரரும் அல்ல. அவர் பிழைவிட்டது ஒரே இடத்தில்தான். 'மாதம் எவ்வளவு கட்டவேண்டும்' என்று கேட்டார். 'வருடத்தில் எத்தனை நாள் எனக்கு இது வேலை செய்யும்' என்று தன்னையே கேட்கவில்லை.

நிற்கிற இயந்திரமும் செலவு வைக்கும்

இயந்திரத்துக்கு இரண்டு வகைச் செலவு இருக்கிறது. ஓடும்போது வரும் செலவு எரிபொருளும் ஓட்டுபவரின் கூலியும். அது எல்லோருக்கும் தெரியும். ஓடாமல் கொட்டிலில் நிற்கும்போதும் வருகிற செலவுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே லான்ட்மாஸ்டரை எடுத்துப் பார்ப்போம்.

வாங்கிய விலை 300,000 ரூபா. எட்டு வருடம் பாவித்து விற்றால் 60,000 ரூபாவுக்குப் போகும் என்று வைப்போம். எட்டு வருடத்தில் தேய்ந்து போனது 240,000 ரூபா. அதாவது வருடத்துக்கு 30,000.

தவணையில் எடுத்தால் முற்பணம் 75,000. மாதம் 8,500 வீதம் 36 மாதத்துக்கு 306,000. மொத்தம் 381,000. மூன்று லட்சத்துக்கு மேலே கட்டியது 81,000. அதை எட்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 10,000.

ரயர், ஒயில், பெல்ட், திருத்த வேலை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20,000 என்று வைப்போம்.

கூட்டினால் வருடத்துக்கு 60,000 ரூபா. எரிபொருள் இன்னும் சேரவில்லை. இப்போது நாளைக் கணக்கிடுங்கள். வருடத்தில் 120 நாள் வேலை இருந்தால் ஒரு நாள் செலவு 500 ரூபா. 30 நாள்தான் வேலை என்றால் ஒரு நாள் செலவு 2,000 ரூபா. 15 நாள் என்றால் 4,000 ரூபா.

அதே இயந்திரத்தை எரிபொருள் இல்லாமல் நாள் 1,500 ரூபாவுக்கு வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், 60,000 ஐ 1,500 ஆல் பிரியுங்கள். 40 வருகிறது. வருடத்தில் 40 நாளுக்கு மேல் உங்களுக்கு வேலை இருந்தால் சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைவென்றால் வாடகைதான் இலாபம். நாலு மாட்டுப் பட்டியில் எரு ஏற்ற, வைக்கோல் கொண்டுவர, புல் நட நிலம் உழ என்று எல்லாம் சேர்த்தாலும் 15 நாளைத் தாண்டாது. எந்தச் சாமான் வாங்கும்போதும் இந்தக் கணக்கைப் போடுங்கள்: வருடத்துச் செலவு எவ்வளவு, வருடத்தில் எத்தனை நாள் வேலை, வாடகை எவ்வளவு. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தரும்.

முதலில் வாங்கவேண்டியவை

அப்படியென்றால் நாலு மாட்டுக்கு என்ன வேண்டும்? நான் நாலு சாமான் சொல்வேன்.

முதலாவது தண்ணீர்த் தொட்டி. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். எங்கள் நாட்டுப் பசு ஒன்று நாளுக்கு 30 லீற்றர் அளவில் குடிக்கும். வெயில் கடுமையானால் அதற்கு மேலும் குடிக்கும். தண்ணீர் தட்டுப்பட்டால் அடுத்த கறவையிலேயே பால் குறையும். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினால் ஏறக்குறைய 340 லீற்றர் பிடிக்கும். நாலு மாட்டுக்கு நாளுக்கு வேண்டியது 120 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் பன்னிரண்டு தரம் அள்ளினால் சரி. அதற்குக் கப்பியும் கயிறும் வாளியும் போதும், இயந்திரம் தேவையில்லை. மாடு பத்தைத் தாண்டும்போது, அல்லது அரை ஏக்கர் புல்லுக்குத் தண்ணீர் கட்டவேண்டி வரும்போது இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது மூடியுள்ள அலுமினியப் பால் கான். பிளாஸ்ரிக் வாளியிலும் பழைய எண்ணெய்க் கானிலும் பால் கொண்டுபோகிறீர்கள். பிளாஸ்ரிக்கில் விழும் சிறு கீறலுக்குள் பழைய பால் ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. எங்கள் வெக்கையில் அதிலிருந்து பால் கெட அதிக நேரம் எடுக்காது. சேகரிப்பு நிலையத்தில் சோதித்துப் பார்த்து எட்டு லீற்றரையும் திருப்பிவிட்டால் 400 ரூபா அன்றைக்கே போய்விடும். மாதத்தில் மூன்று தரம் திருப்பினால் 1,200 ரூபா. அந்தக் காசை ஒரு சில மாதம் சேர்த்தால் நல்ல கான் ஒன்று வாங்கிவிடலாம். கறந்தவுடன் வெள்ளைத் துணியால் வடித்து, கானை மூடி, சைக்கிளில் ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுபோங்கள். கறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

மூன்றாவது நல்ல கத்தியும் வெட்டுக் கட்டையும். புல் வெட்டும் இயந்திரம் வேண்டுமென்று கேட்கிறீர்கள். மேய்ந்து வருகிற மாட்டுக்கு இரவில் போடும் புல் ஐந்தாறு கிலோ. நாலு மாட்டுக்கு 24 கிலோவை ஒருவர் கத்தியால் வெட்டிப் போடலாம். முழுவதும் கொட்டிலில் கட்டி வளர்த்தால் 200 கிலோ நிறையுள்ள பசு ஒன்றுக்கே நாளுக்கு 20 கிலோ பச்சைத் தீனி வேண்டும். அப்படி எட்டு, பத்து மாடு கட்டி வளர்க்கும் நாளில் இயந்திரம் வாங்கலாம். அதற்கு முன் கால் ஏக்கரில் கோ-3 புல் நடுங்கள். தண்டுதான் நடுவது, ஒருவர் நட்டால் ஊருக்கே தண்டு கொடுக்கலாம்.

நாலாவது வேலி. அதிக காசு விழுங்குவது இதுதான். ஆகவே கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

வேலியில் மிச்சம் பிடிப்பது

ஒரு ஏக்கரைச் சதுரமாக அடைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. அதே ஒரு ஏக்கரை 100 அடி அகலத்தில் நீளமாக அடைத்தால் சுற்றளவு 1,070 அடி. மூன்று வரி கம்பி இழுத்தால் சதுர வேலிக்கு 2,500 அடி கம்பி. நீள வேலிக்கு 3,200 அடி. நிலம் அதேதான். அடைக்கிற வடிவத்தில் மட்டும் 700 அடி கம்பி மிச்சம். பக்கத்துக் காணிக்காரரோடு பேசி ஒரு பக்கத்தைப் பொதுவேலியாக்கினால் அந்தப் பக்கத்துக்கு உங்களுக்குப் பாதிச் செலவுதான். காணி எல்லை இன்னும் தீராமல் இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்டுத் தீர்த்த பிறகு கம்பி இழுங்கள். பிறகு பிடுங்கி நடுவது இரட்டைச் செலவு, மனக்கசப்பும் கூட.

கொங்கிறீற்றுத் தூண் வாங்கவேண்டாம். எட்டு அடிக்கு ஒன்று வீதம் ஒரு ஏக்கருக்கு நூற்றுக்கு மேல் தூண் வேண்டும். சீமைக்கிளுவைக் கதியாலை மாரி தொடங்கும்போது நட்டால் வேர்விடும். பூவரசும் நல்லது. கதியால் நின்று பிடித்த பிறகு சீமைக்கிளுவை இலையை வெட்டி வாடவைத்து மாட்டுக்குப் போடலாம். பச்சைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூணும் அதுதான், கோடைக்குத் தீனியும் அதுதான்.

முழு மேய்ச்சல் தரையையும் அடைக்கவேண்டாம். புல் நட்ட கால் ஏக்கரையும் கன்றுகள் நிற்கும் இடத்தையும் கம்பியால் அடையுங்கள். இரவுப் பட்டிக்கு அலம்பல் வேலி போதும்.

இலவசமாகக் கிடைக்கும் இரும்பு

இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன். கம்பி விலை அதிகம் என்றவுடன் சில தம்பிமார் பழைய பங்கர்களில் கிடக்கும் முள்ளுக்கம்பியையும் இரும்புத் தூணையும் தகரத்தையும் எடுக்கப் போகிறார்கள். போகாதீர்கள். அப்படியான இடங்களில்தான் மிதிவெடியும் வெடிக்காத குண்டும் கிடக்கும். சிவப்புப் பலகை போட்ட இடத்துக்குள் கால் வைக்கவேண்டாம். பலகை இல்லையென்பதால் பயமில்லை என்றும் நினைக்கவேண்டாம். துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு, அப்படியான காணியில் மட்டும் கதியாலுக்குக் குழி தோண்டுங்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், போன தடத்தாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இரண்டு சுருள் கம்பியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கால் போனால் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் கணக்கும் சரிவராது.

அதேபோல எங்கிருந்தோ உருட்டிவந்த பரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டி ஆக்காதீர்கள். அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. மாட்டுக்கும் ஆபத்து, பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கூட்டாக வைத்திருப்பது

லான்ட்மாஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று வேண்டாம் என்கிறேன். ஆறு குடும்பம் சேர்ந்தால் 15 நாள் வீதம் 90 நாள் வேலை. வருடத்துச் செலவு 60,000 ஐ 90 ஆல் பிரித்தால் நாளுக்கு 667 ரூபா. வாடகையின் பாதியும் இல்லை.

கூட்டுச் சாமான் ஏன் கெட்டுப்போகிறது என்று உங்களுக்கே தெரியும். எல்லோரும் ஓட்டுவார்கள், ஒருவரும் ஒயில் ஊற்றமாட்டார்கள். பிழைத்தால் கடைசியாக ஓட்டியவரின் தலையில் விழும். ஆகவே இயந்திரம் வருவதற்கு முன்பே கூடியிருந்து பின்வருவனவற்றை எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

1. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கவேண்டும். அவர் கொடுக்கும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் கொப்பியில் எழுதவேண்டும்.

2. உறுப்பினரும் காசு கொடுத்துத்தான் பாவிக்கவேண்டும். வெளியாரை விடக் குறைந்த தொகை. அந்தக் காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். அதிலிருந்துதான் திருத்தவேலை.

3. ஓட்டுவதற்குப் பழகிய இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். மற்றவர்கள் ஓட்டக்கூடாது.

4. முதல் மழை விழுந்தவுடன் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவேண்டும். அந்த வரிசையை மழைக்கு முன்பே சீட்டுப்போட்டுத் தீர்மானியுங்கள்.

5. ஒரு குடும்பம் விலகினால் அதன் பங்குக்கு என்ன கொடுப்பது என்பதையும் இப்போதே எழுதுங்கள்.

தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் அம்மாமார் இங்கே பலர் இருக்கிறீர்கள். வரிசையில் கடைசியாக விடப்படுவது அநேகமாக உங்கள் காணிதான். ஆகவே கூட்டுக் குழுவின் கணக்கையோ சாவியையோ வைத்திருக்கும் பொறுப்பில் உங்களில் ஒருவர் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். கால்நடை வளர்ப்போர் சங்கமோ மாதர் சங்கமோ உங்கள் கிராமத்தில் இருந்தால் அதன் ஊடாகச் செய்வது நல்லது.

இருக்கிறதைக் காப்பாற்றுவது

தொண்ணூறுகளில் இங்கே பெற்றோலும் உதிரிப்பாகமும் கிடைக்காத காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்தக் காலத்தில்தான் நான் ஒரு தண்ணீர் இயந்திரத்தைக் கெடுத்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பாமல் கிளப்பிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். வெறுமையாக ஓடி உள்ளே இருந்த சீல் எரிந்துவிட்டது. கைக்குள் அடங்கும் சாமான்தான். ஆனால் அது வந்து சேர நாலு மாதம். அவ்வளவு நாளும் நானும் மனைவியும் வாளியால் இறைத்தோம். இன்று கடையில் சாமான் கிடைக்கிறது. ஆனால் அன்றைக்குப் பார்த்த மாதிரிப் பார்த்தால்தான் செலவு குறையும்.

நிறுவனங்கள் இலவசமாகத் தரும் தண்ணீர் இயந்திரம் வாங்கியவர்களுக்குச் சில வார்த்தைகள். இலவசமாக வந்தாலும் எண்ணெய்க்கும் திருத்தத்துக்கும் காசு உங்களுடையதுதான்.

குழாயில் தண்ணீர் நிரப்பாமல் கிளப்பவேண்டாம். அடிக்குழாயின் வால்வில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். மணலும் குப்பையும் உள்ளே போனால் தேய்ந்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். அடுத்த நாள் இலகுவாகக் கிளம்பும். ஒவ்வொரு நாளும் கிளப்பமுன் ஒயில் மட்டம் பாருங்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும் என்று அதனோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தை அடுப்படியில் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீர் 20 அடிக்குக் கீழே போனால் மேலே வைத்த இயந்திரம் உறிஞ்சச் சிரமப்படும். அப்போது அதைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுகிறார்கள். இது உயிர் எடுக்கும் வேலை. இயந்திரத்தின் புகை கிணற்றுக்குள்ளே தங்கிவிடும். அதில் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு இருக்கிறது. உள்ளே இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவேண்டாம். அவ்வளவு ஆழமென்றால் கப்பியும் வாளியும்தான் உங்களுக்குப் பொருத்தம்.

மருந்து தெளிக்கும் கருவியைப் பற்றியும் ஒன்று. உண்ணிக்கு மருந்து தெளிக்க, வயலில் களைநாசினி அடித்த கருவியையே இரவல் வாங்குகிறீர்கள். கழுவினாலும் அடியில் மிச்சம் இருக்கும். மாட்டுக்கென்று ஒரு கருவியை நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கி, 'மாட்டுக்கு மட்டும்' என்று வர்ணத்தால் எழுதி வையுங்கள். தெளித்த அன்று பாலை என்ன செய்வது என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

பழையது வாங்கும்போது

பழைய இயந்திரம் வாங்குவது பிழையல்ல. ஆனால் பதிவுப் புத்தகம் இல்லாமல் வாங்கவேண்டாம். இடப்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் உழவு இயந்திரத்தையும் தண்ணீர் இயந்திரத்தையும் வழியில் விட்டுவிட்டு உயிரோடு வந்தார்கள். மலிவாக வருகிற சாமான் அப்படியான ஒருவரின் சொத்தாக இருக்கலாம். நாளைக்கு உரியவர் வந்து இலக்கத்தைக் காட்டினால் உங்கள் காசும் போகும், முகமும் போகும். இயந்திர இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். கிட்டடியில் உள்ள பட்டணத்தில் உதிரிப்பாகம் கிடைக்கும் வகையா என்று கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி வீண்செலவு அல்ல.

பத்துக்கு ஒன்று

கடைசியாக, காசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி. பத்து லீற்றர் பால் விற்றால் ஒரு லீற்றரின் காசைச் சாமானுக்கென்று தனியே வையுங்கள். எட்டு லீற்றர் கறப்பவருக்கு அது நாளுக்கு 40 ரூபா, மாதம் 1,200 ரூபா. வருடத்தில் ஏழு மாதம் கறந்தால் 8,400 ரூபா. கானும் கத்தியும் கம்பியும் அதிலிருந்து வரட்டும். வீட்டில் வைத்தால் செலவாகிவிடும். சங்கத்திலோ வங்கியிலோ போடுங்கள். ஒரு கொப்பியில் இடப்பக்கம் பால் காசு, வலப்பக்கம் சாமானுக்குப் போன காசு என்று எழுதுங்கள். ஒரு ரயர் ஒட்டிய காசையும் விடாமல் எழுதுங்கள். வருட முடிவில் எந்தச் சாமான் உழைத்தது, எது உங்களைத் தின்றது என்று அந்தக் கொப்பியே காட்டும்.

யாராவது தவணைக்குச் சாமான் தர வந்தால் கையெழுத்து வைக்கமுன் மூன்றைக் கேளுங்கள். முற்பணத்தோடு சேர்த்து மொத்தமாக நான் கட்டப்போவது எவ்வளவு? பால் குறைந்த மாதத்தில் தவணை தவறினால் என்ன செய்வீர்கள்? இந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பதில் வந்தாலும் அன்றைக்கே கையெழுத்து வைக்கவேண்டாம். கோடையில் உங்களுக்கு வரும் குறைந்த மாத வருமானத்தை எழுதி, அதில் வீட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் அந்தத் தவணை அடங்குமா என்று பாருங்கள். மாரிகாலத்துப் பாலைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம்.

நாகு விற்றுத்தான் தவணை கட்டவேண்டும் என்று ஒரு நிலை வந்தால், இயந்திரத்தை விடுங்கள், நாகை வைத்திருங்கள். இரும்பு நாளுக்கு நாள் தேயும். நாகு பசுவாகும், கன்று போடும்.

நான் முன்பு சொன்ன அந்தக் குடும்பம் இப்போதும் பால் கொடுக்கிறது. மூன்று பசு நிற்கிறது. போன மாரியில் ஒரு பசு கன்று போட்டது, பசுக்கன்று. அதற்கு எத்தனை நாள், எப்போது பால் மறக்கடிக்கலாம் என்று அந்த அம்மா கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். படிவத்தில் 'என்ன வேண்டும்' என்று அடுத்த முறை கேட்டபோது அவர் எழுதியது: ஒரு பால் கான், இரண்டு சுருள் கம்பி, தொட்டி கட்ட நாலு மூடை சீமெந்து. மூன்றும் கிடைத்தன. மூன்றும் நாள் தவறாமல் வேலை செய்கின்றன.

உங்கள் படிவத்தை இன்னும் கொடுக்காதவர்கள் இருக்கிறீர்கள். இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பமாக இருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.